பெஞ்சில் உட்கார்ந்த கேப்டன்

திருக்கோகர்ணம், புதுக்கோட்டை
12-6-1957

கோயமுத்தூர் மில்லில் பஞ்சோடு பஞ்சாகப் பறந்துகொண்டிருக்கும் அண்ணன் முத்துராமன் அவர்களுக்கு, தம்பி அய்யாக்கண்ணு கும்பிட்டு எழுதுவது.

இங்கே ஆத்தா சுகம். வெள்ளாடு சுகம். நான் சுகமோ சுகம். விஜயம் மோட்டார்ஸ் பாஸ்கெட்பால் டீம் மட்டும் படுத்த படுக்கை. அங்கே உங்கள் சுகத்தையும், எங்களை விட்டு ஓடிப்போன அந்த இரண்டு கால்களின் சுகத்தையும் எழுதவும்.

நீங்கள் போன பிறகு நடந்த முதல் மேட்ச். காரைக்குடி 46, நாம் 17. பந்து விளையாட ஆள் எடுத்து, பஸ்ஸில் கண்டக்டர் வேலையையும் தலையில் கட்டினால் வேறென்ன நடக்கும்? ஐந்து மணிக்கு விசில். நம் சென்டர் சவரியப்பண்ணன் மணமேல்குடி டிரிப்பில். அறந்தாங்கிக்கு இந்தப் பக்கம் டயர் வெடித்துவிட்டது. அவர் பஸ்ஸை நேரே கிரவுண்டுக்கே விடச் சொல்லி, தோளில் பையோடு ஓடி வந்தபோது 20–3. பையை என்னிடம் எறிந்துவிட்டு இறங்கினார். பின்னாலேயே ஒரு பிரயாணி கோட்டுக்குள் வந்துவிட்டார். “ஏய் கண்டக்டரு! மேல கெடக்குற என் கருவாட்டுக் கூடைய எறக்கிக் குடுத்துட்டு, அப்புறம் அந்தக் கூடையில பந்தப் போடு!” காரைக்குடிக்காரர்கள் சிரித்ததில் இரண்டு தடவை பந்தை நம்மிடம் கோட்டை விட்டார்கள். நம் 17-இல் நாலு அப்படி வந்ததுதான்.

பாஸ் கேட்டால் வராது என்பதால்தான் இந்த ஆட்டத்துக்கு ‘பாஸ்-கேட்-பால்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. டீமுக்கு ‘விஜயம்’ என்று பெயர் வைத்ததும் சரிதான். எல்லா ஊருக்கும் விஜயம் செய்கிறோம். விஜயத்தை அந்த ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

பார்க்க வந்தவர்கள் முப்பத்தொரு பேர். எண்ணினேன். போன வருஷம் நீங்கள் ஆடியபோது மரத்தின் மேலே இருந்தவர்களே முப்பத்தொரு பேர்.

கேப்டனே, உங்கள் ஐந்தாம் நம்பர் பனியனை யாரும் போடவில்லை. போடட்டும், கடித்து வைக்கிறேன்.

உங்களை இன்னும் மன்னிக்காத,
அய்யாக்கண்ணு

(இதை ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ஒழுங்காச் சாப்புடச் சொல்லி எழுதுடா” என்றது. எழுதிவிட்டேன்.)


கோயமுத்தூர்
3-7-1957

அன்புள்ள தம்பிக்கு அண்ணனின் ஆசீர்வாதம். நலம். ஆத்தாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

இங்கே கோர்ட் சிமெண்டுத் தரை. மழை பெய்தாலும் அரை மணியில் காய்ந்துவிடும். காலையில் இரண்டு மணி நேரம் ஆட்டம், பிறகு மில் வேலை. பஸ்ஸில் தொங்க வேண்டியதில்லை. முதல் மேட்ச் ஜெயித்தோம். நான் பதினான்கு பாயிண்ட். இதை சவரியப்பனிடம் சொல். போர்டில் பட்டுத் திரும்பும் பந்துக்கு அவன் எப்போதும் இடப்பக்கம்தான் குதிக்கிறான், வலப்பக்கமும் ஒன்று இருக்கிறது என்றும் சொல்.

நான் ஓடிப்போகவில்லை, அய்யாக்கண்ணு. மில் டீமில் இருந்தால் வேலை நிரந்தரம். உன்னைக் காலேஜில் சேர்க்க வேண்டும். படி.

முத்துராமன்


திருக்கோகர்ணம்
20-8-1957

சிமெண்டுத் தரைச் சீமான் அண்ணன் அவர்களுக்கு மண் தரைத் தம்பி எழுதுவது. ஆத்தாவுக்கு முதுகுவலி தேவலை. எனக்கு முதுகுவலி புதிது. காரணம் கீழே.

தஞ்சாவூர் டீம் வந்தது. நமக்கு வேண்டியது ஒரே ஒரு ஜெயம். பணிந்து கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் நான் ஒரு காரியம் செய்தேன். விடியற்காலையில் ஏணி போட்டு, அவர்கள் பந்து போடும் பக்கத்துப் போர்டில் அரைப்படி விளக்கெண்ணெய் பூசிவிட்டேன். அண்ணே, முதல் பாதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் அடித்த பந்தெல்லாம் போர்டில் பட்டு நழுவி எங்கோ போனது. நாம் 15, அவர்கள் 9! முப்பத்தொரு பேரும் எழுந்து நின்று கத்தினோம். சவரியப்பண்ணன் வலப்பக்கம் கூடக் குதித்தார்.

பாதி நேரத்தில் விசில் ஊதியது. இரண்டு டீமும் பக்கம் மாறின.

அது எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. நாலு வருஷமாக ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிறேன். பக்கம் மாறுவார்கள் என்பது மறந்துவிட்டது. இரண்டாம் பாதியில் நாம் போட்டது மொத்தம் மூன்று. கடைசியில் 38–18. எண்ணெய் வாசனை பிடித்து சவரியப்பண்ணன் என் சட்டையை மோந்து பார்த்தார். அப்புறம்தான் முதுகுவலி.

“ஏன்டா, நாங்க தோக்குறதுக்கு ஒன் ஒத்தாசை வேறயா?” என்று கேட்டார். அடித்ததை விட அது வலித்தது. அதன் பிறகு பந்தைத் துணியால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம்.

உங்கள் மேட்ச் விவரம் ஒன்றும் எழுதுவதில்லையே? ஜெயித்து ஜெயித்துக் கை வலிக்கிறதோ?

அன்புத் தம்பி,
அய்யாக்கண்ணு


கோயமுத்தூர்
2-11-1957

தம்பி அய்யாக்கண்ணுவுக்கு.

நலம். பதில் எழுத நேரமில்லாமல் போய்விட்டது. ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள். இப்போது வாசல் பக்கம் வேலை. உட்கார்ந்த வேலைதான், கஷ்டமில்லை என்று ஆத்தாவிடம் சொல்.

என் ஆட்ட ஷூவைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கே புதிது கொடுத்துவிட்டார்கள். முன்னால் கொஞ்சம் துணி அடைத்தால் உனக்குச் சரியாக இருக்கும்.

இனிமேல் எனக்கு மேட்ச் விவரம் எழுத வேண்டாம். பள்ளிக்கூடத்து விவரம் எழுது.

முத்துராமன்


திருக்கோகர்ணம்
16-11-1957

அண்ணன் அவர்களுக்கு. எல்லாரும் சுகம். ‘எல்லாரும்’ என்பதில் டீம் சேராது.

ஷூ வந்தது. ஆத்தா அதற்கு விபூதி பூசியது, நான் ஆயுத பூஜை முடிந்துவிட்டதே என்றேன். ஒன்று கேட்கிறேன். இடது ஷூ அடி தேய்ந்து கிடக்கிறது. வலது ஷூ புதிதுபோல் இருக்கிறது. கோயமுத்தூரில் நொண்டியாட்டமா ஆடுகிறீர்கள்?

மேட்ச் விவரம் எழுத வேண்டாம் என்றீர்கள். இது மேட்ச் விவரம் இல்லை, சாவு விவரம். அதனால் எழுதுகிறேன்.

நேற்று முதலாளி பஸ் ஷெட்டில் எல்லாரையும் நிற்க வைத்துப் பேசினார். நான் டயருக்குப் பின்னால் இருந்தேன். “தோத்துத் தோத்து என் பஸ்ஸுல ஏற சனம் வெக்கப்படுது. ஜனவரி இருபத்தாறு, குடியரசு தினக் கோப்பை, நம்ம ஊர்லயே நடக்குது. மொத ரவுண்டாவது தாண்டுங்க. இல்லேன்னா கம்பத்தப் புடுங்கிட்டு அங்கன ஷெட்டு போட்ருவேன். பந்துக்காக எடுத்த ஆளு அஞ்சு பேரும் வேற பொழப்பு பாத்துக்கங்க” என்றார். சவரியப்பண்ணன் மட்டும், “மொதலாளி, எம்பொஞ்சாதி சந்தனமேரி மாசமா இருக்கு” என்றார். “அதுக்கு நானாய்யா பொறுப்பு?” என்று முதலாளி கேட்டதும் கிளீனர்கள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

முதல் ரவுண்டு, திருச்சி டீமோடு. நீங்கள் ஒரே ஒரு நாள் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமைதான். ஐந்தாம் நம்பர் பனியன் மடித்தபடியே இருக்கிறது.

இன்னொன்று. போன செவ்வாய் ஆத்தா தலையில் காக்கை தட்டிவிட்டது. பக்கத்து வீட்டு பிரகதாம்பாள் அத்தை வந்து, “தோசம்டி. நீ செத்துட்டேன்னு மூத்தவனுக்குப் பொய்யா ஒரு சேதி விட்ரு. அவன் அழுதுட்டா கழிஞ்சு போகும்” என்று சொன்னது. ஆத்தா, “அவன் வேல செய்யுற எடத்துல பதறிப் போவான், எனக்கு வர்றது வரட்டும்” என்று சொல்லிவிட்டு சனி பகவானுக்கு எள் விளக்குப் போட்டது. எவ்வளவு நல்ல ஆத்தா பாருங்கள். அதற்காகவாவது வாருங்கள்.

அய்யாக்கண்ணு


கோயமுத்தூர்
6-12-1957

தம்பிக்கு.

லீவு கிடைக்காது. நான் வந்தாலும் பயன் இல்லை. ஏன் என்று கேட்காதே. சவரியப்பனிடம் என்னை எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஆத்தாவுக்குக் கம்பளி அனுப்புகிறேன்.

முத்துராமன்


திருக்கோகர்ணம்
20-12-1957

பெரிய மனிதர் முத்துராமன் அவர்களுக்கு, சின்ன ஊரிலிருந்து எழுதுவது.

கம்பளி வந்தது. ஆத்தா போர்த்திக்கொண்டது. சவரியப்பண்ணனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று ஐந்து பேரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி டிரிப் முடிந்து வந்து, இருட்டும்வரை பந்து போடுகிறார்கள். சவரியப்பண்ணன் ஒரு நாளைக்கு நூறு ஃப்ரீ த்ரோ போடுகிறார். நான் பொறுக்கிக் கொடுக்கிறேன்.

லீவு கிடைக்காதா? பார்க்கலாம்.

அய்யாக்கண்ணு


தந்தி
புதுக்கோட்டை, 24-1-1958
தாயார் சீரியஸ். உடனே புறப்படவும். அய்யாக்கண்ணு.


திருக்கோகர்ணம்
2-2-1958

அண்ணன் அவர்களுக்குத் தம்பி எழுதுவது. ஆத்தா சுகம். உண்மையாகவே சுகம்.

நீங்கள் இங்கே இருந்த இரண்டு நாளும் என்னோடு பேசவில்லை. நானும் பக்கத்தில் வரவில்லை. பேச வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பஸ் ஸ்டாண்டில்தான் இருந்தேன், வெற்றிலைக் கடைக்குப் பின்னால். நீங்கள் இறங்கியதும் முன்னால் குதித்து, “காக்கா தோசம் கழிஞ்சுது! ஆத்தா ஆட்டுக்குத் தழை ஒடிச்சுக்கிட்டு இருக்கு!” என்று கத்துவதாகத் திட்டம். நாலு நாளாக அந்த வசனத்தை மனப்பாடம் செய்திருந்தேன். நீங்கள் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி இறக்கினீர்கள். எனக்கு வசனம் மறந்துவிட்டது. நீங்கள் அழுதுகொண்டே வாடகை வண்டி பிடித்தீர்கள். நான் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தேன்.

வாசலில் ஆத்தா நின்றதும் நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். “காலுக்கு என்னடா?” என்று ஆத்தா கேட்டது. “வழுக்கிருச்சு” என்றீர்கள். சவரியப்பண்ணன்தான் எனக்கு அப்புறம் சொன்னார். ஆகஸ்டிலேயே அந்தச் சிமெண்டுத் தரையில் விழுந்து முட்டி போய்விட்டதாமே. மில் டீம் அப்போதே உங்களைக் கழித்துவிட்டதாமே. மேனேஜர் இரக்கப்பட்டு கேட் வாட்ச்மேனாக வைத்திருக்கிறாராமே. நான் உங்களை ‘நொண்டியாட்டமா’ என்று கேட்டு எழுதியிருந்தேன். அண்ணே, அந்த வரியை நீங்கள் வாசித்திருப்பீர்கள்.

ஆத்தா என்னை அடிக்கவில்லை. “காக்கா தட்டுனதுக்கு நாந்தான் வேணாம்னேனே. என்னையக் கொன்னாடா ஒனக்கு வெளையாட்டு?” என்று மட்டும் சொன்னது.

இவ்வளவுக்குப் பிறகும் நீங்கள் கிரவுண்டுக்கு வந்தீர்கள். ஐந்தாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். “என்னால ஆட முடியாது, சவரி. ஆனா நான் ஆடப் போறேன்னு அவங்க நெனக்கட்டும்” என்றீர்களாம். திருச்சிக்காரர்கள் பெஞ்சையே பார்த்துக்கொண்டு ஆடினார்கள். கோர்ட்டுக்கு வெளியே இருக்கும் ஆளைக் கண்டு பயந்து ஒரு டீம் ஆடியதை நான் இதுவரை பார்த்ததில்லை. முதல் பாதி 18–16, நாம் முன்னால்! கூட்டம் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்தியது. முந்நூறு பேர் இருக்கும். நான் எண்ணவில்லை.

பாதி நேரத்தில் நீங்கள் தண்ணீர்ப் பானைக்கு எழுந்து நடந்தீர்கள். எட்டு அடி இருக்குமா? நான் ஓடி வந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுத்திருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து மரத்தடியிலேயே நின்றேன். அவர்கள் கேப்டன் உங்கள் காலைப் பார்த்தார். பக்கத்து ஆளின் தோளைத் தட்டினார். அப்புறம் அவர்களில் யாரும் பெஞ்சைப் பார்க்கவில்லை. 49–24.

நீங்கள் ரயிலேறிய மறுநாள் காலையிலேயே கம்பங்களைப் பிடுங்கிவிட்டார்கள். சவரியப்பண்ணன் கண்டக்டர் பையை ஆபீசில் வைத்துவிட்டு, சந்தனமேரி அக்காவைக் கூட்டிக்கொண்டு மணமேல்குடிக்கு மாமனார் வீட்டோடு போய்விட்டார். நம் பஸ்ஸில்தான் போனார். அதே கண்டக்டர் சீட்டுக்கு முன்னால் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒரு நல்ல செய்தி. மேட்ச்சைப் பற்றி நான் எழுதி அனுப்பியது திருச்சிப் பேப்பரில் வந்துவிட்டது! ‘நமது நிருபர்’ என்று போட்டிருக்கிறார்கள், அது நான்தான். தோற்றுப்போனவர்களைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டாமா? கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். ‘கோவை மில்லின் சூரர் முத்துராமன், தம் பழைய அணியைக் காக்க விடுப்பெடுத்து ஓடோடி வந்து களம் இறங்கினார்’ என்று எழுதியிருக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்தார் என்று எழுத மனம் வரவில்லை.

மன்னிப்புக் கேட்கும்,
அய்யாக்கண்ணு


கோயமுத்தூர்
17-2-1958

தம்பி அய்யாக்கண்ணுவுக்கு. இதை ஆத்தாவுக்கு வாசிக்காதே.

மேனேஜர் மேஜையில் நான் லீவுக்குக் காட்டிய உன் தந்தியும் திருச்சிப் பேப்பரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. “இதில் உன் தாய் சாகக் கிடக்கிறாள். இதில் முட்டி போன நீ களம் இறங்குகிறாய். எது பொய்?” என்று கேட்டார். இரண்டுமே பொய் என்றேன். நம்பவில்லை.

சனிக்கிழமையோடு நிறுத்திவிட்டார்கள். அறையையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வரமாட்டேன். இடம் தெரிந்ததும் எழுதுகிறேன். படிப்பை விடாதே. உன்மேல் கோபம் இல்லை.

முத்துராமன்


திருக்கோகர்ணம்
30-4-1958

அண்ணன் அவர்களுக்கு.

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் எழுதவில்லை. இதை உங்கள் பழைய அறை விலாசத்துக்குத்தான் போடுகிறேன். அங்கே இருப்பவர் யாராவது உங்களுக்குச் சேர்ப்பித்தால் புண்ணியம்.

மில் மேனேஜருக்கு மூன்று கடிதம் எழுதினேன். தந்தி கொடுத்தது நான், பேப்பரில் எழுதியதும் நான், அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது என்று. பதில் வரவில்லை. நான் எழுதினால் இனிமேல் யார் நம்புவார்கள்?

இன்னமும் ஐந்து மணி ஆனால் கால் கிரவுண்டுக்குத்தான் போகிறது. ஷெட் கட்டி முடித்துவிட்டார்கள். சென்டர் வட்டம் இருந்த இடத்தில் மணமேல்குடி பஸ் நிற்கிறது. முப்பத்தொரு பேரில் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். மூன்று பேரும் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருகிறோம்.

உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். பிப்ரவரியில் உங்கள் கடிதம் வந்தபோது ஆத்தா வாசலிலேயே இருந்தது. தபால்காரர் கையிலிருந்து அதுதான் வாங்கியது. “வாசி” என்றது. வாசித்தேன். அண்ணன் சுகம், முட்டி தேறி வருகிறது, மேனேஜர் தங்கமான மனிதர், கேட் பக்கத்தில் வேப்பமரம் இருக்கிறது, அதன் நிழலில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு, மில் பிள்ளைகளுக்குப் பந்து போடச் சொல்லித் தருகிறார், அதில் ஒரு பயல் என்னைப் போலவே குறும்பு என்று. வந்துகொண்டே இருந்தது, அண்ணே. நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் காகிதத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஆத்தா இரண்டு இடத்தில் சிரிக்கக் கூடச் செய்தது.

முடித்ததும் கையை நீட்டியது. கொடுத்தேன். அதற்குத்தான் எழுத்து தெரியாதே என்ற தைரியம். கம்பளியை விலக்கிக்கொண்டு, வரிகளின் மேல் விரலை வைத்து மெதுவாக இறக்கியது. விரல் சீக்கிரமே கீழே வந்துவிட்டது.

“முக்காவாசிக் காயிதம் வெறுமனே கெடக்கேடா” என்றது.

காகிதத்தைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை.

“வேல போயிருச்சா?”

தலையை ஆட்டினேன்.

“அப்ப எங்கிட்டுத் தூங்குறான்?”

தெரியாது என்றேன். அதன் பிறகு அது என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. தபால்காரர் தெருவில் வரும்போது மட்டும் எழுந்து உள்ளே போய்விடுகிறது.

எங்கே தூங்குகிறீர்கள், அண்ணே?

அய்யாக்கண்ணு